குராசோ: வண்ண வீடுகளுக்குப் பின்னால் ஒரு துறைமுகம்

2025 நவம்பரில் ஜமைக்காவுடன் கோல் விழாமல் சமன் செய்து, 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்குக் கரீபியக் கடல் தீவான குராசோ தகுதி பெற்றது. ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும் மக்கள்தொகைதான். இவ்வளவு சிறிய மக்கள்தொகை கொண்ட அணி உலகக் கோப்பைக்கு வருவது இதுவே முதல் முறை; அதற்கு முன் அந்த இடம் ஐஸ்லாந்திடம் இருந்தது. செய்தியோடு ஒரு படமும் சுற்றியது: கடலை ஒட்டி மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று தோளோடு தோள் உரசி நிற்கும் உயரமான வீடுகள்.

படத்தைப் பார்த்தவர்களுக்கு அடுக்கடுக்காகக் கேள்விகள். இது தனி நாடா? தென் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் வீடுகள் எப்படி வந்தன? இதே பெயரில் நீல நிற மதுபானம் ஒன்று உண்டே, அது இந்த ஊர்தானா? சுற்றிப் பார்க்கப் போக எந்த விசா வாங்க வேண்டும்?

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவைப் புரிந்துகொள்ள அந்த வண்ணச் சுவர்களைப் பார்த்தால் மட்டும் போதாது. அவை எதைப் பார்த்து நிற்கின்றனவோ அந்தத் தண்ணீரையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு துறைமுகம் இருக்கிறது. தீவின் கதை முழுவதும் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது.

எங்கே இருக்கிறது, யார் ஆள்கிறார்கள்?

குராசோ கரீபியக் கடலின் தென்கோடியில், வெனிசுவேலா கரையிலிருந்து சுமார் 65 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. மேற்கே அரூபா, கிழக்கே பொனேர். பரப்பு 444 சதுர கி.மீ., அதாவது சென்னை மாநகராட்சியைவிடச் சற்றுப் பெரியது. தலைநகர் வில்லெம்ஸ்டாட். ரோமன் எழுத்தில் Curaçao என்று எழுதும்போது பெயரின் நடுவில் உள்ள ‘ç’ எழுத்துக்கு அடியில் ஒரு சிறு வால் உண்டு; அதனால் அதை ‘ச’ என்று ஒலிக்க வேண்டும். சில செய்திகளில் வரும் ‘குராக்காவோ’ பிழையான உச்சரிப்பு. தீவு மக்கள் தங்கள் மொழியில் ‘கோர்சோ’ என்கிறார்கள்.

குழப்பம் தொடங்குவது அரசியல் நிலையில்தான். அதை நான்கு படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. நெதர்லாந்து முடியரசு என்பது ஒரு குடை. அதன் கீழ் நான்கு நாடுகள்: ஐரோப்பாவில் நெதர்லாந்து, கரீபியனில் அரூபா, குராசோ, சின்ட் மார்ட்டன். இந்த ஏற்பாட்டின் அடிப்படை 1954-ல் வந்த முடியரசுச் சாசனம். ஐ.நா.வில் இருக்கை முடியரசுக்குத்தான், குராசோவுக்குத் தனியாக இல்லை.

2. முன்பு இந்தத் தீவுகள் எல்லாம் சேர்ந்து ‘நெதர்லாந்து அண்டிலிஸ்’ என்ற ஒரே அலகாக இருந்தன. 1986-ல் அரூபா பிரிந்தது. 2010 அக்டோபர் 10 அன்று அந்த அலகே கலைக்கப்பட்டது. குராசோவும் சின்ட் மார்ட்டனும் முடியரசுக்குள் தனி நாடுகள் ஆயின. பொனேர், சாபா, சின்ட் யூஸ்டேஷியஸ் மூன்றும் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சிகள் ஆயின.

3. குராசோவுக்குச் சொந்தப் பிரதமர் உண்டு, 21 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றம் உண்டு, தனி வரிச் சட்டங்கள் உண்டு. பாதுகாப்பு, வெளியுறவு, குடியுரிமை ஆகியவை மட்டும் முடியரசின் கையில்.

4. தீவு மக்கள் வைத்திருப்பது டச்சுக் கடவுச்சீட்டு. ஆகவே அவர்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள். ஆனால் தீவு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பகுதி ஆகாது. பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள்ளும் வராது.

சரி, ஐ.நா.வில் இடமில்லாத ஊர் உலகக் கோப்பையில் எப்படி ஆடுகிறது? ஃபிஃபா எண்ணுவது கால்பந்துச் சங்கங்களை. அரூபா, பரோ தீவுகள், போர்ட்டோ ரிக்கோ ஆகியவையும் இதே வழியில்தான் ஆடுகின்றன. ஒலிம்பிக்கில் நிலைமை வேறு. அண்டிலிஸ் கலைந்தபின் அதன் ஒலிம்பிக் குழுவுக்கு 2011-ல் அங்கீகாரம் போனது. அதனால்தான் குராசோவில் பிறந்த ஓட்டக்காரர் சுராண்டி மார்ட்டினா 2008-ல் அண்டிலிஸ் கொடியின் கீழ் ஓடினார், 2012-ல் நெதர்லாந்துக்காக ஓடினார். நான்காவது படிக்கும் இதில் பங்கு உண்டு. கடவுச்சீட்டு ஒன்றே என்பதால் தீவிலிருந்து நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். கால்பந்து அணியில் பெரும்பாலானோர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள், நெதர்லாந்தில் பிறந்து அங்கேயே ஆடக் கற்றவர்கள்.

‘பயனற்ற தீவு’ என்று ஸ்பெயின் விட்டுப்போனது

இந்தத் தீவின் பழைய குடிகள் அரவாக் வழியைச் சேர்ந்த காக்கெத்தியோ மக்கள். 1499-ல் அலோன்சோ தெ ஓஹேதாவின் கப்பல்களோடு ஸ்பானியர் வந்தார்கள். தங்கம் இல்லை, மழையும் குறைவு. ‘பயனற்ற தீவுகள்’ என்று இவற்றை எழுதி வைத்தார்கள். 1515-ல் இங்கிருந்த மக்களையே அள்ளிக்கொண்டு போய் ஹிஸ்பானியோலா தீவில் அடிமை வேலைக்கு விட்டார்கள். நிலத்தால் பயனில்லை என்றான பிறகு, அவர்கள் பயன் கண்டது அந்த மக்களிடம்தான்.

1634-ல் டச்சுக்காரர்கள் தீவைப் பிடித்தார்கள். பிடித்தது மேற்கிந்திய கம்பெனி. இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை வைத்திருந்த ஒல்லாந்தர், 1602-ல் தொடங்கிய கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்கள். மேற்கிந்திய கம்பெனி 1621-ல் தொடங்கியது; ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் அமெரிக்கக் கண்டமும் அதன் வட்டாரம். ஒரே குடியரசு உலகத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு கம்பெனிகளிடம் கொடுத்திருந்தது.

அப்போது நெதர்லாந்து ஸ்பெயினோடு விடுதலைப் போரில் இருந்தது. ஹெர்ரிங் மீனை உப்பிட்டுப் பதப்படுத்தி விற்பது டச்சுக்காரர்களின் பெரிய தொழில். அதற்கு உப்பு மலைமலையாக வேண்டும். போரினால் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து உப்பு கைக்கு எட்டாமல் போக, கரீபியன் உப்பளங்களைத் தேடி வந்தார்கள். குராசோவில் உப்பு இருந்தது. உப்பைவிடப் பெரியதாக இன்னொன்றும் இருந்தது.

சின்ட் அன்னா வளைகுடா என்கிறார்கள், ஆனால் பார்க்க அகலமான கால்வாய் மாதிரி இருக்கும். கடலிலிருந்து ஒடுங்கலாக உள்ளே வரும் ஆழமான நீர்வழி, கொஞ்ச தூரம் போனதும் ‘ஸ்கோட்டெகட்’ என்ற பெரிய உள்நீர்ப் பரப்பாக விரிகிறது. வாயில் ஒரு கோட்டை கட்டினால் போதும், உள்ளே ஒரு கப்பற்படையே பத்திரமாக நிற்கலாம். தீவு சூறாவளிகள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருப்பது இன்னொரு வசதி. வாயில் கட்டிய ஆம்ஸ்டர்டாம் கோட்டை இன்றும் நிற்கிறது. ஆளுநர் மாளிகையும் அரசு அலுவலகங்களும் அதற்குள்தான். 1640-களில் இங்கே கம்பெனியின் இயக்குநராக இருந்த பீட்டர் ஸ்டைவெசன்ட், பிறகு நியூ ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் அதை ஆண்டார். இன்றைய நியூயார்க் அது.

அந்தத் துறைமுகம் மனிதர்களை விற்றது

கரீபியன் என்றதும் கரும்புத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். குராசோவில் அது எடுபடவில்லை. ஆண்டு மழை சுமார் 550 மி.மீ.தான். தோட்டங்கள் இருந்தன, ஆனால் அவற்றின் வேலை பெரும்பாலும் சோளமும் ஆடுமாடுகளும் வளர்த்துத் தீவுக்குச் சோறு போடுவது. பணம் வந்த வழி வேறு.

ஸ்பெயின் தன் குடியேற்றங்களுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரும் உரிமையை ஒப்பந்தமாக வெளியாருக்கு விட்டது. இதற்கு ‘அசியெந்தோ’ என்று பெயர். 1662 முதல் அந்த ஒப்பந்தக்காரர்களுக்கு ஆட்களைத் திரட்டிக் கொடுத்தது மேற்கிந்திய கம்பெனி. ஒப்படைக்கும் இடம் குராசோ. கடல் தாண்டி நைந்துபோய் வந்தவர்களை இங்கே இறக்கி, விலை போகும் நிலைக்கு உடம்பைத் தேற்றி, மறுபடி கப்பலேற்றினார்கள். பல பத்தாயிரம் பேர் இந்த வழியாகப் போனார்கள். 1675-ல் வில்லெம்ஸ்டாட் சுங்கமில்லாத் துறைமுகமும் ஆனது. எல்லா நாட்டுச் சரக்கும் இங்கே கைமாறியது. படத்தில் நாம் பார்க்கும் ‘ஹாந்தெல்ஸ்காடெ’ என்ற பெயருக்கே வணிகக் கரை என்றுதான் பொருள்.

தீவின் மொழியும் இந்தக் கலவையில் பிறந்தது. பாப்பியமென்டு: அடித்தளம் போர்த்துகீசியமும் ஸ்பானியமும், அப்புறம் டச்சுச் சொற்கள், ஆப்பிரிக்க மொழிகளின் தடம். மற்ற பல தீவுகளில் இப்படிப் பிறந்த மொழி ஏழைகளின் மொழியாகவே ஒதுங்கிப்போனது. குராசோவில் வணிகர் வீட்டிலும் அதே மொழி ஒலித்தது. 1651 முதல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து குடியேறிய ஸ்பெயின், போர்ச்சுகல் வழி யூதர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1732-ல் அவர்கள் கட்டிய தொழுகைக்கூடம் வில்லெம்ஸ்டாட்டின் பழைய நகரான பூண்டா பகுதியில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. தரை முழுக்க மணல். பாலைவனத்தில் அலைந்த முன்னோரின் நினைவு என்பது ஒரு விளக்கம். போர்ச்சுகலில் ஒளிந்து தொழுதபோது காலடி ஓசை கேட்காமல் இருக்க மணல் பரப்பிய வழக்கம் என்பது இன்னொன்று. 2007 முதல் பாப்பியமென்டு டச்சு, ஆங்கிலத்தோடு ஆட்சிமொழி.

இந்தத் தீவைப் பற்றி ஒருவர் ஒரே ஒரு பெயரை நினைவில் வைப்பதென்றால் அது தூலாவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1795 ஆகஸ்ட் 17 அன்று, மேற்குப் பகுதியில் உள்ள கெனேபா தோட்டத்தில் சில பத்து அடிமைகள் வேலைக்குப் போக மறுத்தார்கள். தலைமை தாங்கியவர் தூலா. தோட்டம் தோட்டமாக ஆட்கள் சேர்ந்து சுமார் 2,000 பேர் ஆனார்கள். பேச்சு நடத்த வந்த பாதிரியாரிடம் தூலா வைத்த வாதம் கூர்மையானது: பிரான்ஸ் தன் அடிமைகளை விடுவித்துவிட்டது, நெதர்லாந்து இப்போது பிரான்சின் பிடியில் இருக்கிறது, அப்படியானால் நாங்களும் விடுதலை பெற்றவர்கள்தானே? உலக அரசியலை அவ்வளவு நெருக்கமாகக் கவனித்துவந்த மனிதர் அவர். ஹெயிட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த செய்தியும் இதே துறைமுகம் வழியாக அவர்களை எட்டியிருந்தது. கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அக்டோபர் 3 அன்று தூலாவைச் சித்திரவதை செய்து கொன்றார்கள்.

அடிமை முறை ஒழிய 1863 ஜூலை 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2022 டிசம்பரில். மன்னர் வில்லெம்-அலெக்சாண்டர் கேட்டது 2023 ஜூலை 1 அன்று. அதே 2023-ல்தான் தூலா மீதான பழியை டச்சு அரசு முறைப்படி நீக்கியது. தீவு அவரைத் தன் நாட்டு வீரராக முன்பே அறிவித்திருந்தது.

சுவர்களுக்கு வண்ணம் ஏன்?

வில்லெம்ஸ்டாட்டின் பழைய வீடுகளில் பவளப் பாறைக் கல் உண்டு, நெதர்லாந்திலிருந்து கப்பலின் அடிப்பாரமாக வந்த செங்கல்லும் உண்டு. மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஆகவே தொடக்கத்தில் ஊர் பெரும்பாலும் வெள்ளை. இந்த ஊர் நிற்பது வடக்கே 12 பாகையில், கிட்டத்தட்டப் புதுச்சேரியின் அதே அட்சத்தில். நடுப்பகல் வெயிலில் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தால் கண் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும்.

1816-ல் ஆங்கிலேயரிடமிருந்து தீவு டச்சுக்காரர் கைக்குத் திரும்பியபோது ஆளுநராக வந்தவர் ஆல்பர்ட் கிக்கெர்ட். வெள்ளைச் சுவரின் கூச்சத்தால் தனக்குத் தலைவலி வருவதாகச் சொல்லி, வீட்டு முகப்புகளுக்கு வெள்ளை தவிர வேறு எந்த வண்ணமும் பூசலாம் என்று 1817-ல் அவர் உத்தரவு போட்டார் என்பது வழங்கிவரும் வரலாறு. இதற்கு ஒரு வால் உண்டு: அவருக்குப் பெயிண்ட் வியாபாரத்தில் பங்கு இருந்தது இறந்தபின் தெரியவந்ததாம். இந்த வாலை ஊர்க்கதையாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

வண்ணத்தோடு சேர்ந்து கவனிக்க வேண்டியது வடிவம். செங்குத்தான ஓட்டுக்கூரையும் வளைந்து நெளிந்த முகப்பும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தவை. பனி விழாத ஊரில் அவ்வளவு சரிவான கூரைக்குத் தேவையே இல்லை. பழகிய வீட்டைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். தேவையைக் கற்றுக்கொடுத்தது வெயில். பின்னாளில் முகப்புக்கு முன்னால் நிழல் தரும் தாழ்வாரங்களைச் சேர்த்தார்கள். வணிகக் காற்று ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வீசும்; அந்தத் தாழ்வாரங்களில் அது தவழ்ந்து போகும். இந்த இரண்டும் கலந்த வடிவத்துக்காகத்தான் 1997-ல் யுனெஸ்கோ இந்த நகரின் பழைய பகுதியையும் துறைமுகத்தையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வண்ணம் தானாக நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பவளக் கல்லிலும் கடல் மணல் சேர்ந்த பழைய சாந்திலும் உப்பு ஊறியிருக்கிறது. ஈரம் ஏறும்போது உப்பு வெளியே பூத்து, பூச்சைப் பொரிய வைத்து உதிர்க்கிறது. நம் கடலோர வீடுகளில் காரை பொரிவது போலத்தான். படத்தில் பளிச்சென்று தெரியும் ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் திரும்பத் திரும்பச் சுரண்டிப் பூசும் உழைப்பும் செலவும் இருக்கிறது. வசதி இருந்த தெருக்கள் மின்னுகின்றன. ஒட்ரோபாண்டா சந்துகளில் உதிர்ந்த சுவர்களோடும் வீடுகள் நிற்கின்றன. ‘ஒட்ரோபாண்டா’ என்றால் அக்கரை. பூண்டாவின் மதிலுக்குள் இடம் போதாமல் 1707-க்குப் பிறகு வளர்ந்த பகுதி அது.

அக்கரைக்குப் போகும் பாலம்

துறைமுகம் நகரை இரண்டாகப் பிளக்கிறது. பாலம் வேண்டும், கப்பலும் போக வேண்டும். 1888-ல் இதற்குக் கண்ட தீர்வு, மிதவைகள் மேல் நிற்கும் எம்மா அரசி பாலம். ஒரு முனை கரையில் கீல் போலப் பூட்டியிருக்கும். கப்பல் வரும்போது மறுமுனையில் உள்ள எஞ்சின் பாலம் முழுவதையும் கதவு திறப்பது போல ஒதுக்கிவிடும். அந்த நேரத்தில் இலவசப் படகு ஓடும். ஆரஞ்சுக் கொடி பறந்தால் கொஞ்ச நேரத்துக்கான திறப்பு, நீலக் கொடி என்றால் நேரமாகும். முன்பு கட்டணம் இருந்தது: செருப்பு போட்டவர் காசு கொடுக்க வேண்டும், வெறுங்காலோடு வருபவருக்கு இலவசம். மானம் கருதி ஏழைகள் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு காசு கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வாகனங்களுக்கு 1974-ல் 56 மீட்டர் உயரத்தில் யூலியானா அரசி பாலம் வந்தது. எம்மா பாலம் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும்.

எண்ணெய் வந்தது, போனது

வெனிசுவேலாவின் மராக்கைபோ ஏரியில் எண்ணெய் கிடைத்தபோது அந்த ஏரியின் வாயில் மணல்மேடு இருந்ததால் பெரிய கப்பல் நுழைய முடியவில்லை. சிறு கப்பல்களில் எடுத்துவந்து சுத்திகரிக்க அருகில் ஆழமான துறைமுகம் தேவைப்பட்டது. ஸ்கோட்டெகட் கரையில் ஷெல் எண்ணெய் நிறுவனம் கட்டிய ஆலை 1918-ல் இயங்கத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், தீவின் முகமே மாறியது.

1969 மே 30 அன்று ஊதிய ஏற்றத்தாழ்வை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் கலவரமாக வெடித்து, பூண்டாவிலும் ஒட்ரோபாண்டாவிலும் கட்டிடங்கள் எரிந்தன. ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் ஆட்சிக்குள் வந்ததும் பாப்பியமென்டுக்குப் பெருமை கூடியதும் அதன் பிறகுதான். 1985-ல் ஷெல் ஆலையைப் பெயரளவு விலைக்குத் தீவிடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. வெனிசுவேலா அரசு நிறுவனம் குத்தகைக்கு எடுத்து 2019 வரை நடத்தியது. காற்றின் போக்கில் இருந்த குடியிருப்புகள் பல பத்தாண்டுகள் அதன் புகையைச் சுவாசித்தன. அந்த வருமானமும் நின்றபின் தீவு பெருமளவு சாய்ந்திருப்பது சுற்றுலா மீது. 2024-ல் வந்து தங்கிப் போனவர்கள் சுமார் 7 லட்சம் பேர்; மக்கள்தொகையைப் போல நாலரை மடங்கு.

போக நினைப்பவர்களுக்கு

1. விசா: ஷெங்கன் விசா நெதர்லாந்தின் ஐரோப்பியப் பகுதிக்கு உரியது. குராசோவுக்கு ‘கரீபியன் விசா’ என்று தனி விசா உண்டு. சில நாடுகளின் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்குகள் இருப்பதால், டிக்கெட் போடும் முன் நெதர்லாந்து தூதரகத்தின் அப்போதைய விதியைப் பார்த்துவிட வேண்டும். மியாமி வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே இந்தியக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா தேவை.

2. பணம்: 2025 மார்ச் 31 முதல் கரீபியன் கில்டர் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு அமெரிக்க டாலருக்கு 1.79 கில்டர் என்று நிலையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். கடைகளில் டாலரும் செல்லும். யூரோவை நம்பிப் போக வேண்டாம்.

3. பருவம்: ஆண்டு முழுவதும் வெயில்தான். இருக்கும் கொஞ்ச மழையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதிகம். குழாய்த் தண்ணீர் கடல்நீரிலிருந்து எடுத்த நன்னீர், தயங்காமல் குடிக்கலாம்.

4. நீல மதுபானம்: ஸ்பானியர் கொண்டுவந்த வலென்சியா ஆரஞ்சு இந்த வறண்ட மண்ணில் கசந்து, ‘லராஹா’ என்ற தனி வகையாக மாறிப்போனது. பழத்தைத் தின்ன முடியாது. தோலில் மணம் உண்டு. அந்தத் தோலிலிருந்துதான் பானம். நீலம் சேர்க்கும் சாயம் மட்டுமே, சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

5. மேற்குப் பக்கம்: நல்ல கடற்கரைகள் எல்லாம் நகரை விட்டுத் தள்ளி மேற்கே, பாறைகளுக்கு நடுவே சிறு சிறு குடாக்களாக இருக்கின்றன. வாடகைக் கார் இல்லாமல் கஷ்டம். கூட்டம் அதிகம் போவது கெனேபா கிராண்டிக்கு. தூலா வேலைக்கு மறுத்த அதே கெனேபா. தோட்டத்தின் பழைய வீடு மேட்டில் நிற்கிறது, அதில் அவர் பெயரில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நகரிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியிலேயே வரும். வெயில் ஏறுமுன் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் கடலுக்குப் போகலாம். காரில் சில நிமிட தூரம்தான்.